துவக்கில்லாத வேட்டைக்காரி

"எந்தத் துவக்கு?" என்று கேட்டார் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்.

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி, தாரா என்றால் வாத்து, மரக்கறி என்றால் காய்கறி, சைவச் சாப்பாடு. அவர் கேட்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை வருடங்கள் கழித்து யோசித்தால், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எல்லோரும் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"துவக்கு இல்லை" என்றேன்.

"இனித்தான் வாங்கப் போறீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஆரிட்டையாவது இரவல் வாங்குவீங்கள்."

"அதுவும் இல்லை. நான் மரக்கறி."

அவர் பேனையைக் கீழே வைத்தார். என் சேலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், நான் நிரப்பிக் கொடுத்த வாத்து வேட்டை லைசென்ஸ் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"மெடம்," என்றார் மிகவும் மரியாதையாக, "தாரா மரக்கறி இல்லை."

எனக்குப் பின்னால் வரிசையில் அரைக்காற்சட்டையோடு நின்ற ஆண்களில் ஒருவர் தும்முவதுபோலச் சிரித்தார். பெப்ரவரி வெயில். மேலே சுற்றிய விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. கடுகுக் கீரையைக் கழுவும்போதுகூடப் புழு செத்துவிடுமோ என்று பார்க்கிற குடும்பத்தில் பிறந்த நான், மெல்போர்னின் அரசாங்கக் கந்தோர் ஒன்றில், வேட்டையாட அனுமதி கேட்டு நின்றேன்.

கடிதம் போகாத முத்திரை

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

எழுபதுகளின் முற்பகுதி அது. நானும் கணவர் தியாகுவும் மெல்போர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். அவர் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுபவர். நான் ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு ஹைஸ்கூலில் கணித ஆசிரியை. தியாகராஜா என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. முதல் வாரமே 'மிஸிஸ் டி' ஆகிவிட்டேன்.

இன்றைக்கு ஸ்பிரிங்வேலில் நீங்கள் பார்க்கும் சந்தடியெல்லாம் அப்போது இல்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு திங்கள் காலைவரை தெருவில் காற்றும் நானும்தான். அந்தச் சனிக்கிழமைப் பின்னேரங்களைக் கழிக்கத்தான் முத்திரைச் சங்கத்தில் சேர்ந்தேன்.

ஒரு தேவாலயத்து மண்டபத்தில் கூடுவோம். தரைக்குப் பூசிய மெழுகின் வாசனை, பெரிய பாத்திரத்தில் கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேநீர், யாரோ சுட்டுக் கொண்டுவந்த ஸ்கோன். நீள மேசையில் எல்லோரும் குனிந்தபடி இருப்போம். ஒருவரும் அதிகம் பேசமாட்டார்கள். புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவளுக்கு அதைவிடச் சௌகரியமான கூட்டம் கிடைக்காது.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரே முகம் லெஸ். எங்கள் பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியர். ஆறடிக்கு மேல் உயரம். இடது கையில் ஒரு விரலின் நுனி இல்லை, மரம் அறுக்கும் வாள் கொண்டுபோய்விட்டது. அந்தக் கையால் சாமணத்தைப் பிடித்து முத்திரையைத் தூக்கும்போது, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் அவர் அமெரிக்காவிலிருந்து வந்த உறையைத் திறந்து ஒரு முத்திரையை என் பக்கம் தள்ளினார். சாதாரண முத்திரையைவிடப் பெரியது. நாணலுக்கு மேலே இரண்டு வாத்துகள் இறங்குகின்றன. இறகின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

"வடிவாயிருக்கு. இதை ஒட்டினா கடிதம் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டேன்.

"ஒரு இடமும் போகாது" என்றார் லெஸ்.

என் அப்பா தபாலதிபராக இருந்தவர். சிறுமியாக நான் முத்திரை சேர்த்தபோது, தீப்பெட்டிப் படங்களையும் அதே கொப்பியில் ஒட்டுவேன். அவர் ஒவ்வொன்றாக உரித்தெடுப்பார். "கடிதம் போகாட்டில் அது முத்திரை இல்லை பிள்ளை, வெறும் படம்" என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை லெஸ்ஸிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இது வேட்டை முத்திரை. அமெரிக்காவில தாரா சுடப் போற ஆள் ஒவ்வொரு வருஷமும் இதை வாங்கி, குறுக்கால கையெழுத்துப் போட்டு வைச்சிருக்கவேணும். அந்தக் காசிலதான் தாராக்கள் இருக்கிற சதுப்பு நிலத்தை வாங்கிப் பாதுகாக்கினம்."

"சுடுறதுக்கும் தாரா வேணுமே, அதுக்காகவோ?"

"ஓம், அதுக்காகவும்தான்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். அவரும் வாத்து வேட்டைக்காரர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஆனா இதில கையெழுத்து இல்லையே" என்றேன்.

"அதுதான் விசேஷம். எனக்கு இதை அனுப்பினவர் துவக்கைத் தொட்டதே இல்லை. முத்திரைக்காரர். வருஷா வருஷம் புதுப் படம் வரும். ஓவியர்மார் போட்டி போட்டுக் கீறுவினம். அந்த வடிவுக்காக இவரைப்போல கனபேர் வாங்குவினம். வாங்கி அல்பத்தில வைப்பினம், அவ்வளவுதான். அவையின்ர காசும் நிலத்துக்குத்தான் போகும்."

நான் முத்திரையைத் திரும்பப் பார்த்தேன். சாமணத்தோடு வீட்டுக்குள் இருக்கிற ஒருவர், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு குளத்தை வாங்கிக் கொடுக்கிறார். அப்பாவின் சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் அந்தத் துண்டுக் கடதாசி கடிதத்தைவிடத் தூரம் போகிறது என்று பட்டது.

என்னிடம் இருந்த இலங்கைப் பறவை முத்திரைகள் இரண்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

கிரெய்கிபர்ன் தாண்டி

அடுத்த மாதம் லெஸ் என்னையும் தியாகுவையும் தன் பழைய காரில் வடக்கே கூட்டிப்போனார். இன்றைக்கு நம்மவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் கிரெய்கிபர்ன், அன்றைக்குப் புல்லும் கம்பிவேலியும் காற்றும். அதையும் தாண்டி வெகுதூரம் போய், ஒரு பண்ணையின் படலையைத் திறந்து உள்ளே போனோம்.

மேட்டில் ஏறியதும் தியாகு "அட" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதே பெரிய காரியம்.

கீழே ஆழமில்லாத தண்ணீர், வானத்தை விரித்துப் போட்டதுபோல. நாணல். செத்த மரங்களின் கொப்புகளில் நீர்க்காகங்கள் செட்டை விரித்துக் காய்ந்தன. வாத்துகள் எத்தனை வகை என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. ஒரு கூட்டம் எழும்பினால் நனைந்த துணியை உதறும் சத்தம் கேட்டது.

கரையின் ஒரு மூலையில் மண் வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் புதிதாக வெட்டிய வாய்க்கால்.

லெஸ் விஷயத்தைச் சொன்னார். பண்ணைக்காரருக்குத் தண்ணீரை வடித்துவிட்டு மாட்டுக்குப் புல் போட விருப்பம். வேட்டை லைசென்ஸ் காசிலிருந்து அந்த நிலத்தை வாங்க அரசாங்கத் திணைக்களம் யோசிக்கிறது, ஆனால் கையிருப்புப் போதவில்லை. இந்த வேட்டைப் பருவம் முடியும்வரை பொறுப்பதாகப் பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இயந்திரம் வேலை தொடங்கும்.

"இஞ்சையும் அப்பிடி ஒரு முத்திரை விக்கலாமே" என்றேன்.

"இஞ்சை முத்திரை இல்லை. லைசென்ஸ் மட்டும்தான்."

"அப்ப சுடாத ஆள் ஒண்டு லைசென்ஸ் எடுத்தா?"

லெஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடுக்கக்கூடாது எண்டு ஆரும் சொன்னதில்லை. ஏனெண்டா ஆரும் இதுவரைக்கும் கேட்டதில்லை."

அப்படித்தான் அந்தக் கவுண்டருக்குப் போனேன்.

பேனையைக் கீழே வைத்தவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த மெலிந்த மனிதர் அவர். என் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தார்.

"சுடலாம் எண்டுதான் லைசென்ஸ் சொல்லுது. சுட்டே ஆகவேணும் எண்டு சொல்லேல்லை" என்று சொல்லி, அவரே சீல் குத்தினார்.

லெஸ் இந்தக் கதையை முத்திரைச் சங்கத்தில் சொன்னார். அடுத்த கிழமை தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் அம்மணி அதே கவுண்டரில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற பல் டொக்டர். பிறகு இன்னும் சிலர். கடைசியில் துவக்கில்லாத வேட்டைக்காரர் ஆறு பேர் ஆனோம்.

இரட்டைக் குழல்

இங்கேதான் தியாகு ஒரு பிழை விட்டார். பேசாத மனிதர் பேசினால் இதுதான் நடக்கும். தன் வேலையிடத்தில் இருந்த இன்னொரு தமிழருக்கு, "என்ர மனிசி வேட்டைக்காரி ஆயிட்டா" என்று பகிடிக்குச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்களில் மெல்போர்னில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் எல்லா வீட்டிலும் கேட்கும். நான் துவக்கு வாங்கிவிட்டதாகச் செவ்வாய்க்கிழமை கதை வந்தது. வியாழனுக்குள் அது இரட்டைக் குழல் துவக்கு ஆகிவிட்டது. ஞாயிறு காலை, சிட்னி மெரிலேண்ட்ஸிலிருந்து என் மச்சாள் டிரங்க் கோல் எடுத்தாள்.

"எடியே, மான் இறைச்சி காய வைக்கிறியாம், உண்மையோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த போன் வரும்வரை.

அது திலகம் அன்ரி. எங்கள் எல்லோரையும்விட முதலில் வந்தவர். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டு ஹோலில் பூசை. கோயில் இல்லாத ஊரில் அந்த ஹோல்தான் எங்களுக்குக் கோயில். பிள்ளையாருக்கு மோதகம் அவிப்பது என் பொறுப்பு.

"பிள்ளை, இந்தமுறை மோதகத்தை நீர் அவிக்கவேண்டாம். வேலையும் வீடுமாய்க் களைச்சுப்போயிருப்பீர்" என்றார்.

"களைப்பில்லை அன்ரி."

"இல்லைப் பிள்ளை... சனம் கதைக்குது. சுவாமிக்கு வைக்கிற சாமான். விளங்கும்தானே?"

எனக்கு விளங்கியது. குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்தேன். ஊறவைத்த பயறு சட்டியில் இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்கு அப்பால். இங்கே அந்தப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தான் எனக்கு உறவு. அந்த உறவு என் கையால் ஒன்றும் வேண்டாம் என்கிறது.

விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்குப் பிடிவாதம். கேட்காமலே தீர்ப்புச் சொன்னவர்களுக்கு நான் ஏன் சாட்சி சொல்லவேண்டும்? அந்த வெள்ளி நாங்கள் பூசைக்குப் போகவில்லை. தியாகு ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். அன்றைக்குக் காலைதான் மழை பெய்திருந்தது.

முதல் நாள் காலை

வேட்டைப் பருவம் தொடங்கும் நாள் வந்தது. "நீங்களும் லைசென்ஸ்காரி. வந்து பாருங்கோவன்" என்றார் லெஸ்.

போனேன். என் காசு எதற்குப் போகிறது என்று முழுவதையும் பார்க்காமல் இருப்பது கோழைத்தனம் என்று தோன்றியது. தியாகுவின் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் அவருடைய கழுத்து ரையை பெல்ட்டாகக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் காற்சட்டை போட்டது அதுவே முதல் தடவை.

விடிகிற நேரம். தண்ணீர்மேல் பனிப்புகார். நாணலுக்குள் ஆட்கள் நிற்பது தெரியவில்லை, புகையிலை வாசம் மட்டும் வந்தது. குறித்த நேரம் ஆனதும் முதல் வெடி. பிறகு சுற்றிவர வெடிகள். பறவைகள் முழுவதும் ஒரே தடவையில் எழும்பின. எனக்கு எதிரே ஒன்று, பறந்துகொண்டிருந்த வேகத்திலேயே மடிந்து விழுந்தது. சாகவில்லை. தண்ணீரில் ஒரு செட்டையை அடித்து அடித்துச் சுற்றியது.

லெஸ் வயிறுவரை தண்ணீரில் இறங்கிப் போய், அதை எடுத்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் நோவை முடித்தார்.

வெடிமருந்தின் மணம் தொண்டையில் நின்றது. நான் மேட்டில் ஏறி காரடியில் போய் அழுதேன்.

வெயில் ஏறியபிறகு லெஸ் வந்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார்.

"வாற வருஷம் நான் லைசென்ஸ் எடுக்கமாட்டன்" என்றேன்.

"அது உங்கட விருப்பம், மிஸிஸ் டி." அவர் என்னோடு வாதாடவில்லை. தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நான் சுடுறதை முழுக்கச் சாப்பிடுவன். அதுக்காக அது நோகேல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா ஒண்டு. நாங்கள் வருஷத்தில கொஞ்ச நாள் வந்து கொஞ்சத்தைக் கொண்டுபோவம். அந்த மெஷின் வந்தா ஒரே நாளில எல்லாம் போயிடும், முட்டையும் சேர்த்து."

வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. போன பறவைகளில் ஒரு கூட்டம் அதே தண்ணீருக்குத் திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தியாகு பேசினார்

அடுத்த பூசைக்கு நான் வரவில்லை என்றேன். "போறம்" என்றார் தியாகு. அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. போனோம்.

தேவாரம் படித்து முடிந்தது. கற்பூரத் தட்டும் சுற்றி வந்துவிட்டது. எல்லோரும் எழும்பப் போகிற நேரம், மூலையில் இருந்த தியாகு எழும்பி நின்றார். அவர் பேசப்போகிறார் என்பதை ஒருவராலும் நம்ப முடியவில்லை.

"என்ர மனிசியின்ர துவக்கைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள்" என்றார். "அவவிட்டைத் துவக்கு இல்லை. அந்தத் துவக்கைத் துவக்கினது நான்தான்."

ஒரு கணம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். ஹோல் முழுக்கச் சிரிப்புப் பரவியது. தியாகு சிவந்துபோய் நின்றார், ஆனால் உட்காரவில்லை. முத்திரையைப் பற்றிச் சொன்னார், அமெரிக்காவில் துவக்குத் தொடாமல் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னார், பண்ணைக்காரரின் வாய்க்காலைப் பற்றிச் சொன்னார். தான் கண்ட தண்ணீரைப் பற்றிச் சொல்ல முயன்று, சொல் கிடைக்காமல், இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

திலகம் அன்ரி என்னைப் பார்த்தார். "காசையும் குடுத்துப்போட்டுச் சுடாமல் வாறதெண்டா, அது வேட்டையோ, நேர்த்திக்கடனோ?"

"எனக்கும் சரியாத் தெரியேல்லை அன்ரி" என்றேன். அது உண்மை.

"இதை ஏன் பிள்ளை முதலே எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

திலகம் அன்ரி மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. வாசலில் செருப்பைப் போடும்போது என் தோளைத் தொட்டு, "வாற மாதம் மோதகம் நீர் கொஞ்சம் கூடுதலா அவியும். போனமுறை ஆக்களுக்குப் போதாமல் போச்சுது" என்றார். போன முறை அவித்தது அவர்தான்.

அறிவிப்புப் பலகை

குளிர்காலம் முடியுமுன் அந்த நிலத்தைத் திணைக்களம் வாங்கிவிட்டது. எங்கள் ஆறு பேரின் காசால் வாங்கினார்கள் என்று நான் சொன்னால் லெஸ் சிரிப்பார். துவக்கோடு சேற்றில் இறங்கியவர்கள் வருடக்கணக்காகக் கட்டிய காசு அது. எங்களுடையது அதில் ஒரு கைப்பிடி மண்.

படலையில் புதுப் பலகை வந்திருந்தது. வேட்டைப் பறவைகளுக்கான ஒதுக்கிடம் என்று போட்டு, பருவ காலத்தில் சுட அனுமதி உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். சந்தோசத்தில் ஒரு முள் இருந்தது. வாய்க்காலை மண் போட்டு மூடியிருந்தார்கள். இயந்திரம் நின்ற இடத்தில் அதன் சில்லுத் தடம் மட்டும் இருந்தது, அதற்குள்ளும் தண்ணீர்.

எடுக்கமாட்டேன் என்று லெஸ்ஸிடம் சொன்னவள்தான், அந்தத் தண்ணீரைப் பார்த்தபிறகு அடுத்த வருடமும் லைசென்ஸ் எடுத்தேன். அதற்கடுத்த வருடமும். வேட்டையின் முதல் நாள் காலை மட்டும் ஒருநாளும் திரும்பப் போகவில்லை.

நிலம் வாங்கிய அந்த வருட வசந்தத்தில் ஒரு ஞாயிறு, திலகம் அன்ரி தானாகவே போன் எடுத்து, "அந்தக் குளத்தை எனக்கும் ஒருக்கால் காட்டும்" என்றார். தியாகு காரோட்டினார். அன்ரி புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு, பட்டுச் சேலையில் வந்து இறங்கினார். பத்து அடி போவதற்குள் ஒரு செருப்புச் சேற்றோடு போய்விட்டது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

நாணலுக்குள்ளிருந்து பெரிய பறவை ஒன்று மெல்ல நீந்தி வெளியே வந்தது. நீண்ட கழுத்து, சிவந்த சொண்டு, உடம்பு முழுக்கக் கறுப்பு.

"உது என்ன பிள்ளை?"

"அன்னம், அன்ரி."

"கறுத்த அன்னமோ!" அவர் நெஞ்சில் கை வைத்தார். "எங்கட அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கும். இது என்னத்தைப் பிரிக்கும்?"

"இது அவுஸ்திரேலிய அன்னம். சேத்தையும் தண்ணியையும் பிரிக்கும்."

அன்ரி சிரித்த சிரிப்பில் நான்கு வாத்துகள் எழும்பிப் போயின. அன்னத்துக்குப் பின்னால் சாம்பல் நிறக் குஞ்சுகள் வரிசையாக வந்தன. அன்ரி எண்ணினார். திரும்ப எண்ணினார். ஐந்து.

தியாகு காரடிக்குப் போய்விட்டார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தண்ணீரில் புள்ளி வைத்தன. ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

"அன்ரி, மழை வருது. வாங்கோ போவம்."

"கொஞ்சம் பொறும்."

தாய் அன்னம் எதிர்க்கரையில் ஏறிவிட்டது. நான்கு குஞ்சுகள் அதற்குப் பின்னால் ஏறின. கடைசிக் குஞ்சு நாணலில் சிக்கி, அங்கும் இங்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. தியாகு இரண்டாவது தடவை ஹோர்ன் அடித்தார்.

"நில் எண்டு சொல்லும் அவருக்கு" என்றார் திலகம் அன்ரி, கண்ணை எடுக்காமல். "அந்தப் பிள்ளை இன்னும் கரைக்கு வரேல்லை."

பட்டுச் சேலை நனைய நனைய, செருப்பில்லாத காலோடு, அது வந்து சேரும்வரை நின்றார்.